வாரத்தின் முதல் நாளில் ஒதுக்கிய பங்கு



ஞாயிறு பிரசங்கத்தில் குருவானவர் காசைப் பற்றி வாயெடுத்தால் கோயிலுக்குள் ஒரு சங்கடம் புகுந்துவிடும். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சில தாய்மார் அழாத பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள். வீட்டுக்கு வந்து மதிய உணவுக்கு உட்காரும்போது, "சுவாமிக்கு வேறு பேச்சே இல்லையா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். குருவானவருக்கும் அது விருப்பமான பேச்சு அன்று என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். குருமடத்தில் எங்களுக்கு மெய்யியல் படிப்பித்தார்கள், இறையியல் படிப்பித்தார்கள். மின்கட்டணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் முன் நிற்பது எப்படி என்று எவரும் படிப்பிக்கவில்லை.

எனினும் பேசாமல் விடும் விடயமன்று இது. வேதாகமம் இதனைப் பேசுகின்றது. திருச்சபைச் சட்டமும் பேசுகின்றது. ஆகவே இவ்வாரப் பாடத்துக்கு இதனையே எடுத்துக்கொள்வோம்.

நாம் கொடுக்காதவர்களா?

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கர் கையிறுக்கமானவர்கள் அல்லர். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். புனித அந்தோனியாரின் திருத்தலத்திலே மெழுகுதிரி ஏற்றி, நேர்ச்சைப் பணத்தைப் பெட்டியிலிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் அன்றாடம் உழைத்துண்பவர்கள்! ஆவணி மாதத்தில் மடுத் திருவிழாவுக்குப் போகும் குடும்பம் அதற்காக மாதக் கணக்கில் சேமிக்கின்றது. ஊர்க் கோயிலுக்குப் புதிய மணிக்கூண்டு என்றால், கொழும்பிலிருந்தும் பணம் போகிறது. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகளிடமிருந்தும் போகிறது. இவையெல்லாம் நல்லவை. எவரும் இவற்றைக் குறைக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை.

ஆனால் ஞாயிறுதோறும் நாம் முழந்தாளிடும் நம்முடைய பங்குக் கோயிலின் காணிக்கைப் பை அருகே வரும்போது என்ன நடக்கிறது? சட்டைப் பைக்குள் விரல் போகிறது. அகப்படும் தாள்களில் மிகச் சிறியது எது என்று விரலே தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. கடைத்தெருவில் ஒரு பிளேன்டீக்குக் கொடுக்கும் காசைவிட அது பல வேளைகளில் குறைவு. மனத்தில் ஈகை இல்லாததால் இப்படி நடப்பதில்லை. வேண்டுதலுக்கும் திருவிழாவுக்கும் கொடுக்கப் பழகிய நாம், வாரந்தோறும் ஒழுங்காகக் கொடுக்கப் பழகவில்லை என்பதே காரணம்.

வெள்ளவத்தையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தொழிலுக்காகவும், பிள்ளைகளின் படிப்புக்காகவும், போர்க்காலத்தில் உயிரைக் காத்துக்கொள்ளவும் வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே ஏராளம். "நம்முடைய கோயில் ஊரிலே இருக்கிறது, இது வந்து போகும் இடம்" என்ற நினைப்பு அவர்கள் உள்ளத்தின் அடியில் இன்னும் கிடக்கின்றது. போர் 2009இல் முடிந்தது. தொடர்மாடி வீட்டுக்கு வந்தவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மூத்த பிள்ளை அங்கே ஞானஸ்நானம் பெற்றது. இளையது அங்கே முதல் நன்மை வாங்கியது. பாட்டியின் அடக்கப் பூசையும் அங்கேதான் நடந்தது. பங்கின் பதிவேட்டில் மூன்று தலைமுறையின் பெயர் ஏறிய பின்னும் அது வந்து போகும் இடமா?

கொட்டாஞ்சேனையின் கதை வேறு. துறைமுகத்தை அண்டி, தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர் வாழும் பகுதி அது. அங்கே கேட்கும் பேச்சு, "அது பேராலயம், பெரிய இடம், காசுக்கு என்ன குறை?" என்பதாகும். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்ப்பவர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. அந்தக் கட்டடம் 1870களில் தொடங்கப்பட்டு இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்பே நிறைவெய்தியது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். காசு குவிந்து கிடந்திருந்தால் அத்தனை ஆண்டு சென்றிராது. பெரிய கூரை என்றால் மழைக்காலத்துச் செலவும் பெரிது.

"உரோமையிலிருந்து வருமே" என்பாரும் உளர். பங்குக் கோயிலின் மின்விளக்குக்கும், சக்கிறித்தாருடைய சம்பளத்துக்கும், மறைப்பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் உரோமையிலிருந்து எதுவும் வருவதில்லை. பங்கு என்பது அதன் மக்கள் கொடுப்பதைக் கொண்டே நடைபெறுகின்றது.

அண்மைக் காலம் இதனை வெளிச்சமாக்கியது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்ப்புப் பெருவிழாத் தாக்குதல்களின் பின் சில வாரங்கள் கோயில்களில் ஞாயிறு திருப்பலி பொதுவில் நடைபெறவில்லை. 2020 மார்ச்சில் தொற்றுநோய் வந்து மீண்டும் கதவை அடைத்தது. காணிக்கைப் பை சுற்றாத ஞாயிறுகளிலும் செலவு நிற்கவில்லை. பின்பு 2022 வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. ஓகஸ்டில் ஏறிய மின்கட்டணம் 2023 பெப்ரவரியில் மறுபடியும் ஏறியது. ஒரு பக்கம் பங்கின் செலவு உயர, மறுபக்கம் பால்மாவுக்கும் மருந்துக்கும் வழியின்றி அறைவீட்டுக் கதவைத் தட்டுபவர்களின் தொகையும் உயர்ந்தது. கொடுக்கிறவர்களின் வீட்டிலோ அதே விலைவாசி. இந்த இறுக்கத்திலே யார் யாரிடம் கேட்பது?

கொரிந்து நகரத்துக் கணக்கு

இதே கேள்வி புனித சின்னப்பருக்கும் எழுந்தது. அவர் காலத்தில், குளோதியு மன்னனுடைய ஆட்சியில், பஞ்சம் ஒன்று வந்ததை அப்போஸ்தலர் பணி நூல் கூறுகின்றது. யெருசலேமிலிருந்த கிறிஸ்தவர்கள் வறுமைப்பட்டிருந்தார்கள். அவர்களுக்காகச் சின்னப்பர் கலாத்தியாவிலும் மக்கெதோனியாவிலும் அக்காயாவிலும் பணம் திரட்டினார். அவர் கடிதங்களில் இந்தச் சேகரிப்பு எத்தனை இடங்களில் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாயிருக்கும்.

கொரிந்து ஒரு துறைமுக நகரம். இரு பக்கமும் இரண்டு துறைகள். கடைக்காரர், கப்பல்காரர், தொழிலாளர், வந்தேறிகள் எல்லாரும் கலந்து வாழ்ந்த ஊர். கொட்டாஞ்சேனை வாசகர்களுக்கு அந்த நகரத்தை நான் வருணிக்கத் தேவையில்லை.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தை எடுத்து, பதினைந்தாம் அதிகாரத்தையும் பதினாறாம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். பதினைந்தாம் அதிகாரம் முழுவதும் இறந்தோரின் உயிர்ப்பைப் பற்றியது. விசுவாசத்தின் சிகரம் என்றே அதனைச் சொல்லலாம். அந்தச் சிகரத்தில் நின்றபடியே, அடுத்த வசனத்தில் சின்னப்பர் காசுக் கணக்கைத் தொடங்குகிறார்! நமக்குத்தான் இரண்டும் வேறு வேறாகத் தோன்றுகின்றன. அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் சொல்லும் ஒழுங்கைக் கவனியுங்கள். வாரத்தின் முதல் நாளில், ஒவ்வொருவரும், தமக்குக் கிடைத்ததற்கு ஏற்றபடி, தம்மிடத்தில் ஒரு தொகையை ஒதுக்கிச் சேர்த்து வைக்க வேண்டும். தாம் வந்த பிறகு சேகரிக்கத் தொடங்கக்கூடாது என்கிறார்.

முதல் நாள் என்பது ஆண்டவர் உயிர்த்த நாள். வாரம் முடிந்து மிஞ்சியதைக் கொடுக்கச் சொல்லாமல், வாரம் தொடங்கும்போதே ஒதுக்கச் சொல்கிறார். சம்பளம் வந்ததும் வீட்டு வாடகையையும் பிள்ளையின் டியூசன் காசையும் தனியே எடுத்து வைக்கும் தாய்க்கு இது நன்கு விளங்கும். மாதக் கடைசியில் பார்ப்போம் என்று விட்ட காசு ஒருநாளும் மிஞ்சியதில்லை. ஒவ்வொருவரும் என்பதால், பணக்காரர் இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு இடமில்லை. கிடைத்ததற்கு ஏற்றபடி என்பதால், துறைமுகத்தில் நாட்கூலி பெறுபவரும் காலி வீதியில் கடை வைத்திருப்பவரும் ஒரே தொகை கொடுக்க வேண்டியதில்லை. தாம் வந்து நின்று சேகரிப்பதை அவர் விரும்பாததற்கும் காரணம் உண்டு. பேச்சாளியின் உருக்கத்துக்கு இளகிக் கொடுக்கும் பணம், அந்த உருக்கம் தணிந்ததும் நின்றுவிடும்.

கொரிந்தியர் என்ன செய்தார்கள்? ஆர்வமாகத் தொடங்கினார்கள், ஓராண்டு கழிந்தது, முடிக்கவில்லை. இரண்டாம் நிருபத்தின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களில் சின்னப்பர் அதனை நாசூக்காக நினைவுபடுத்துகிறார். மிகுந்த வறுமையில் இருந்த மக்கெதோனியர், தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டிக் கேட்டுக் கொடுத்ததை எடுத்துக் காட்டுகிறார். அதே மூச்சில் ஒரு எல்லையையும் வகுக்கிறார்: பிறருக்கு இலகுவாகவும் உங்களுக்குத் துன்பமாகவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்தன்று, இன்று உங்களிடம் நிறைவு, அவர்களிடம் குறைவு, நாளை அது மாறலாம், சமநிலையே நோக்கம் என்கிறார். கட்டாயத்தின் பேரிலன்றி மனமுவந்து கொடுக்க வேண்டும் என்பதும் அங்கேதான் வருகிறது. இரண்டு அதிகாரங்களையும் ஒரு மாலையில் குடும்பமாக வாசித்துவிடலாம்.

ஒரு பெட்டி, மூன்று மொழி

இந்தச் சேகரிப்பில் நமக்கு மிக நெருக்கமான பகுதி இன்னொன்று. பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கிரேக்க மொழி பேசிய புறவினத்தார். பெறுவோர் யெருசலேமின் யூதக் கிறிஸ்தவர்கள். இரு சாராருக்குமிடையே சந்தேகம் இருந்தது. விருத்தசேதனம், உணவு, வழக்கம் என எத்தனையோ சச்சரவுகள். உரோமையருக்கு எழுதும்போது சின்னப்பர் தம் அச்சத்தை மறைக்கவில்லை. தாம் கொண்டுபோகும் உதவியை அங்குள்ளவர்கள் ஏற்றுக்கொள்வார்களோ மாட்டார்களோ என்று, அதற்காகச் செபிக்கும்படி கேட்கிறார். ஆகவே அந்தப் பணம் பசிக்கு உணவு வாங்குவதற்கு மட்டும் சேர்த்த பணம் அன்று. பிளவுபட்டுப் போகக்கூடிய இரு மக்களை ஒரே உடலாகக் கட்டிவைக்கும் கயிறாகவே அவர் அதனைக் கருதினார்.

கொழும்பிலே நமது பங்குகள் பலவற்றில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் திருப்பலி நடைபெறுகின்றது. பை மூன்று முறை சுற்றுகிறது. போய்ச் சேரும் பெட்டி ஒன்று. இங்கே எழும் முணுமுணுப்பை அறியாதவர் யார்? "நாம் கொடுப்பது அவர்களுடைய நிகழ்ச்சிக்குப் போகிறது, தமிழ்ப் பாடகர் குழுவுக்கு ஒரு நல்ல ஒலிவாங்கி இல்லை" என்று நம்மவர் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்திலும் இதே பேச்சு வேறு மொழியில் நடக்கும் என்று எண்ணுகிறேன். குறை உண்மையாகவும் இருக்கலாம். 1983 யூலையை அனுபவித்த மக்களிடம், ஒரே பெட்டியில் நம்பிக்கையோடு இடுங்கள் என்று சொல்வது சிறிய காரியமன்று என்பதும் எனக்குத் தெரியும்.

ஆயினும் கேளுங்கள். தமிழ் மறைப்பள்ளிக்குப் புத்தகம் போதவில்லையானால் பங்குச் சபையிலே எழுந்து நின்று கேட்க வேண்டும். கொடுக்கிறவன் கேட்கும்போது அந்தக் கேள்விக்குப் பெறுமதி உண்டு. கொடாமல் விட்டுவிடுவது கேள்வியாகாது. அது சத்தமில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறுவது போன்றது. தமிழருக்கென்று தனி உண்டியல் வைப்போம் என்ற யோசனையைச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். யெருசலேமுக்கு ஒன்று, கொரிந்துக்கு ஒன்று என்று சின்னப்பர் பிரித்து வைத்திருந்தால் திருச்சபை எங்கே போயிருக்கும்? கொச்சிக்கடையில் 2019இல் சிந்திய இரத்தத்தில் மொழி பிரித்துப் பார்க்க எவராலும் இயலவில்லை. இடிந்த அந்தத் திருத்தலத்தைத் திருத்தும் வேலையில் கடற்படையினர் ஈடுபட்டார்கள். திருவிழாவுக்கு முந்திய நாளாகிய யூன் 12ஆந் திகதி அது மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நேர்ச்சை செலுத்துகிறவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் இருக்கிறார்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

பெட்டியில் துளையிட்ட ஆசாரியர்

இனிக் கணக்கு. கொடுக்கச் சொல்லும் பிரசங்கம் பலமுறை வருகிறது. கணக்குச் சொல்லும் அறிவித்தல் சில இடங்களில் அத்தனை ஒழுங்காக வருவதில்லை. மக்களுடைய தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை நாங்கள், குருக்கள், ஏற்கத்தான் வேண்டும்.

அரசர் ஆகமத்திலே யோவாசு அரசனுடைய வரலாறு இதற்கு நல்ல பாடம். தேவாலயத்தைப் பழுதுபார்க்க மக்கள் கொடுக்கும் பணத்தைக் குருக்களே வாங்கி, அவர்களே வேலையை நடத்தும்படி அரசன் ஒழுங்கு செய்தான். அவனுடைய ஆட்சியின் இருபத்து மூன்றாம் ஆண்டு வந்தும் வெடிப்புகள் வெடிப்புகளாகவே இருந்தன. குருக்கள் திருடினார்கள் என்று வேதாகமம் கூறவில்லை. வேலை நடக்கவில்லை என்றே கூறுகின்றது. அப்போது யோயாதா என்னும் தலைமைக் குரு ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துளையிட்டு, பீடத்தின் அருகே வைத்தார். பெட்டி நிரம்பியதும் அரசனுடைய எழுத்தர் ஒருவரும் தலைமைக் குருவும் சேர்ந்து வந்து எண்ணிப் பையில் கட்டினார்கள். அந்தப் பணம் மேற்பார்வையாளர்களின் கைக்குப் போய், தச்சருக்கும் கொத்தருக்கும் கல்வெட்டுவோருக்கும் கூலியாயிற்று. வேலையும் நடந்தது. மூடிக்கு ஒரு துளை, எண்ணுவதற்கு இரண்டு பேர்! இவ்வளவுதான் சீர்திருத்தம்.

சின்னப்பரும் அவ்வாறே செய்தார். பணத்தைத் தாம் தனியே கையாளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைத் தீத்துவோடு சேர்த்து அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது எவரும் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது, கடவுள் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்க வேண்டும் என்று காரணமும் எழுதி வைத்தார். அவரைவிட நம்பத்தக்கவர்கள் நாங்கள் அல்லர்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1983இல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதனைத் தெளிவாக்குகின்றது. 222ஆம் சட்டம், வழிபாட்டுக்கும் அறப்பணிக்கும் பணியாளரின் பிழைப்புக்கும் வேண்டியதைக் கொடுத்துதவும் கடமை விசுவாசிகளுக்கு உண்டென்கிறது. அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, சமூக நீதியை வளர்க்கவும் சொந்த வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவவும் கடமைப்படுத்துகின்றது. ஆகையால் வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளத்தில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஆயிரம் கொடுப்பவர் முதற்பிரிவை நிறைவேற்றினாலும் இரண்டாவதை மீறுகிறார். 537ஆம் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும். 1267ஆம் சட்டப்படி ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த பணத்தை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும். கூரைக்கென்று சேர்த்தது கூரைக்கே. 1287ஆம் சட்டம், விசுவாசிகள் கொடுத்த காணிக்கைகளைப் பற்றி அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. எனவே கணக்குக் கேட்பவரைக் கலகக்காரர் என்று ஒதுக்கக்கூடாது. அவர் திருச்சபையின் சட்டத்தையே கேட்கிறார்.

இலியோன் நகரத்துச் சிறுகாசு

சிறிய தொகையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். பிரான்சு நாட்டின் இலியோன் பட்டுக்குப் பெயர்போன நகரம். அங்கே 1799இல் பிறந்த பவுலின் ஜரிக்கோ என்பவர், தொழிற்சாலைப் பெண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்தார். ஒவ்வொருத்தியும் வாரம் ஒரு சூ கொடுக்க வேண்டும்; அது அந்நாட்டில் மிகச் சிறிய செப்புக்காசு. கூடவே மறைபரப்புப் பணிக்காகச் செபிக்கவும் வேண்டும். பத்துப் பேருக்கு ஒருத்தி சேகரிப்பாள். பத்துக் குழுக்களுக்கு ஒருத்தி பொறுப்பு. இதிலிருந்தே 1822இல் விசுவாசப் பரம்புதல் சபை பிறந்தது.

அச்சபையின் உதவியைப் பெற்ற மறைபரப்பு நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் இங்கு வந்து தொடங்கிய பணிகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட காசுகள் இருந்தன. நம்முடைய பாட்டன் பூட்டனார் செபிக்கக் கற்றதற்கு, பெயர் தெரியாத ஒரு பட்டு நெசவுப் பெண்ணின் சிறுகாசும் காரணமாயிருக்கலாம். அவள் கொழும்பைக் கண்டதில்லை. பவுலின் அம்மையாரோ தாம் நம்பியவர்களால் ஏமாற்றப்பட்டுச் சொத்தெல்லாம் இழந்து 1862இல் வறுமையில் இறந்தார். 2022 மே மாதம் இலியோனிலேயே அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். ஒக்டோபர் மாதத்து மறைபரப்பு ஞாயிறன்று நம்மிடம் சேகரிக்கும் பணம் இதே வழியில் இன்று நம்மிலும் வறிய நாடுகளுக்குப் போகின்றது. அன்று பெற்றவர்கள் இன்று கொடுக்கிறார்கள்.

எவ்வளவு கொடுப்பது?

பழைய ஏற்பாட்டிலே பத்தில் ஒன்று. இன்று பொதுவான திருச்சபைச் சட்டம் அப்படியொரு அளவை விதிக்கவில்லை. அவரவர் ஆற்றலுக்கு ஏற்ப என்பதே கத்தோலிக்க மறைக்கல்வி தரும் ஒழுங்கு. பத்தில் ஒன்று கொடுத்தால் கடவுள் இரட்டிப்பாகத் திருப்பித் தருவார் என்று வாக்குறுதி கொடுக்கும் குரல்கள் கொழும்பில் இப்போது அதிகம் கேட்கின்றன. கடன்பட்டுக் கிடக்கும் ஒருவரிடம் அப்படிச் சொல்வது கொடுமை. ஆண்டவர் வட்டிக்கடை வைத்திருக்கவில்லை.

கைம்பெண்ணின் காணிக்கை நம் எல்லாருக்கும் தெரியும். தேவாலயத்தில் எக்காள வாய் போன்ற பதின்மூன்று பெட்டிகள் இருந்ததாக யூத மரபு கூறுகின்றது. அவற்றிலொன்றில் அவள் இரண்டு சிறுகாசுகளைப் போட்டாள். ஆனால் மாற்கு நற்செய்தியில் அதற்கு முந்திய வசனங்களை நாம் வாசிப்பதில்லை. நீண்ட செபம் செய்துகொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் அங்கே கண்டிக்கிறார். உடனே அடுத்ததாக இந்தக் கைம்பெண் வருகிறாள். ஆகவே அவளுடைய கதை கொடுப்பவருக்குப் பாராட்டு, பெறுபவருக்கோ எச்சரிக்கை. வறியவர் கடைசிக் காசைப் போடுவதைக் கண்டு மகிழும் பங்கு, அவள் மறுநாள் எதை உண்பாள் என்று கேட்கவும் வேண்டும்.

இதனை ஒட்டி ஒன்று. கையில் ஒன்றுமில்லாத காரணத்தால் பூசைக்கு வராமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு. பை வரும்போது வெட்கமாயிருக்கும் என்கிறார்கள். பங்குச் சந்தா கட்டவில்லை, எப்படிப் போய்ப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்பது என்று தயங்குகிறார்கள். அவர்களுக்காக அழுத்தமாக எழுதுகிறேன்: வறுமையின் காரணமாக எவரும் திருவருட்சாதனங்களின் உதவியை இழக்கலாகாது என்று 848ஆம் சட்டம் கட்டளையிடுகின்றது. அடக்கச் சடங்குக்கும் 1181ஆம் சட்டத்தில் அதே பாதுகாப்பு உண்டு. பூசைக் கருத்துக்குக் கொடுப்பது காணிக்கை, அது பூசையின் விலையாகாது. வியாபாரத்தின் சாயல்கூட அதில் படக்கூடாது என்கிறது 947ஆம் சட்டம். ஒன்றும் போடாமல் கையை மடித்துக்கொண்டு இருப்பவரைத் திரும்பிப் பார்க்கும் கண்கள்தாம் வெட்கப்பட வேண்டியவை. புனித வின்சென்ட் தே பவுல் சபையினரின் கூட்டங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இரகசியப் பை ஒன்று சுற்றிவரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் போட்டார், யார் போடவில்லை என்பது எவருக்கும் தெரியாது. அந்தப் பையிலிருந்துதான் எத்தனையோ வீடுகளுக்கு அரிசி போயிருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது

சனிக்கிழமை இரவு செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் எவ்வளவு வந்தது, நம்முடைய பங்கு என்ன என்று கணவனும் மனைவியும் பேசித் தீர்மானித்து, ஓர் உறையிலிட்டுப் படத்தண்டையில் வையுங்கள். தொகை சிறிதானாலும் ஒழுங்காக இருக்கட்டும். வருமானம் குறைந்தால் குறையுங்கள், கூடினால் கூட்டுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியும்படி செய்யுங்கள். காணிக்கை நேரத்தில் அவசரமாக ஒரு நாணயத்தைக் கையில் திணித்துப் பழக்கிய பிள்ளை, வளர்ந்த பின்னும் நாணயத்தையே தேடும். தன் கைச்செலவுக் காசில் ஒரு சிறு பகுதியைத் தானே உறையில் வைக்கப் பழகிய பிள்ளைக்கு, அது எங்கே போகிறது என்று கேட்கவும் தோன்றும். ஊர்க் கோயிலுக்கும் அனுப்புங்கள், கொச்சிக்கடைக்கும் போங்கள். புனித அந்தோனியாரின் பெயரால் ஏழைகளுக்குப் பாண் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். நேர்ச்சையின் ஒரு பகுதியை உங்கள் தெருவிலுள்ள ஒரு பசித்த வீட்டுக்குக் கொடுத்தால் புனிதர் கோபிக்க மாட்டார்.

பணமில்லாதவர்களிடமும் பங்குக்கு வேண்டியவை உண்டு. மின்வேலை தெரிந்தவர், தட்டச்சுத் தெரிந்தவர், கணக்காளராயிருந்து இளைப்பாறியவர் ஆகியோர் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் இளைப்பாறிய கணக்காளருக்கு ஒருநாளும் பஞ்சமிருந்ததில்லை. அவர்களில் இருவர் நிதிக்குழுவில் இருந்தால் பங்குத் தந்தை நிம்மதியாக நித்திரை கொள்வார்.

ஆண்டுக் கணக்கு வாசிக்கும் ஞாயிறன்று, இறுதி ஆசீருக்கு முன்பே வாசற்படியைத் தாண்டிவிடாதீர்கள். இருந்து கேளுங்கள். கணக்கு வாசிக்கப்படாத பங்கானால், அறைவீட்டுக்குப் போய், "சுவாமி, இந்த வருடக் கணக்கை எப்போது வாசிப்பீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். போகும்போது அந்த வாரத்து உறையையும் கையில் கொண்டு போங்கள்.